கிளாஸ்பி சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

(குமுளியில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். இடுக்கி, பாலக்காடு எல்லைப் பகுதிகளிலிருந்து தோழர்கள் கலந்துகொண்டனர்.)



1991 ஜனவரியில் அமெரிக்க விமானங்கள் பாக்தாத் மீது குண்டு வீசத் தொடங்கிய வாரத்தில், பீருமேட்டுப் பகுதியில் நடந்த கண்டன ஊர்வலம் ஒன்றில் நானும் நடந்தேன். எஸ்டேட் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன இளைஞன். என் கையில் இருந்த தட்டியில் சதாம் உசேனின் படம் ஒட்டப்பட்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் செங்கொடியுடன் நடந்தவர் ஓய்வு பெற்ற தொழிலாளி, கட்சிப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர். சிறிது தூரம் போனதும் அவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அந்தப் படத்தில் இருக்கிறவர் நம்ம தோழர்களைத் தூக்கில் போட்டவர் என்று தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவர் ஊர்வலத்தை விட்டு விலகவில்லை. கடைசி வரை முழக்கமிட்டு நடந்தார். நானும் படத்தை இறக்கவில்லை. ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பவன் நம் நண்பன் என்ற கணக்கு அன்று எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்தக் கணக்கு எங்கே பிழைத்தது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அமெரிக்க அரசும் ஈராக் அரசும் எவ்வாறு கூட்டாளிகளாக இருந்தன, எப்படிப் பகைவர்களாயின, அந்த இரகசியப் பேரங்களின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதே பொருள்.

முதலில் அந்த முதிய தோழர் சொன்ன செய்தி. ஈராக் கம்யூனிஸ்ட் கட்சி 1934இல் தோன்றியது. அரபு நாடுகளில் மக்களிடையே ஆழமாக வேரூன்றிய கட்சிகளில் அது ஒன்று. அதன் பொதுச் செயலாளர் ஃபஹத் 1949 பிப்ரவரியில் பாக்தாத்தில் பொது இடத்தில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அங்கே இருந்தது பிரிட்டனின் ஆதரவில் நின்ற மன்னராட்சி. 1958 ஜூலை 14 அன்று அந்த மன்னராட்சி வீழ்ந்தது. பிரிகேடியர் காசிம் தலைமையிலான அரசு 1961இல் கொண்டுவந்த 80ஆம் எண் சட்டம், அந்நிய எண்ணெய்க் கம்பெனியிடம் இருந்த சலுகைப் பகுதியில் 99 விழுக்காட்டுக்கும் மேலானதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. லண்டனும் வாஷிங்டனும் இதைப் பொறுத்துக்கொள்ளுமா? 1963 பிப்ரவரி 8 அன்று பாத் கட்சி இராணுவக் கவிழ்ப்பு நடத்தியது. காசிம் சுட்டுக் கொல்லப்பட்டார். கம்யூனிஸ்டுகள் வீடு வீடாகத் தேடப்பட்டுக் கொல்லப்பட்டனர். கட்சியின் செயலாளர் சலாம் ஆதில் சித்திரவதையில் உயிர் நீத்தார். வேட்டையாடப்பட வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் அமெரிக்க உளவுத்துறையிலிருந்து வந்தது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது, இன்றுவரை மறையவில்லை.

அந்த பாத் கட்சிக்குள்தான் சதாம் உசேன் வளர்ந்தார். 1972இல் எண்ணெய் நாட்டுடைமையானது, சோவியத் யூனியனுடன் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு கம்யூனிஸ்ட் கட்சி பாத் கட்சியுடன் ஒரு தேசிய முன்னணியில் சேர்ந்தது. அந்த முன்னணி எவ்வளவு காலம் நீடித்தது? 1978இல், இராணுவத்துக்குள் கட்சி அமைத்ததாகக் குற்றம் சாட்டி இருபதுக்கும் மேற்பட்ட கம்யூனிஸ்டுகளைத் தூக்கிலிட்டார்கள். 1979 ஜூலையில் சதாம் குடியரசுத் தலைவரானார். எஞ்சிய தோழர்கள் குர்து மலைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள். முதிய தோழர் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

இப்போது போர்க்காலத்துக்கு வருவோம். 1980 செப்டம்பரில் ஈராக் படைகள் ஈரானுக்குள் நுழைந்தன. எட்டு ஆண்டுப் போர். அமெரிக்கா வெளியே நடுநிலை பேசியது. ஈராக்கின் கை தளர்ந்த நேரத்தில், 1982 பிப்ரவரியில், பயங்கரவாதத்துக்கு உதவும் நாடுகளின் பட்டியலிலிருந்து ஈராக்கின் பெயரை வாஷிங்டன் நீக்கியது. 1983 டிசம்பர் 20 அன்று ரீகனின் சிறப்புத் தூதர் பாக்தாத் வந்து சதாமின் கையைக் குலுக்கினார். தூதரின் பெயர் டொனால்டு ரம்ஸ்ஃபெல்டு. அப்போது அவர் அரசு அதிகாரி அல்லர், ஒரு மருந்துக் கம்பெனியின் தலைவர்.

அந்தப் பயணத்தில் என்ன பேசப்பட்டது என்பதை அமெரிக்க அரசின் ஆவணங்களே பின்னர் காட்டின. ஈராக்கிலிருந்து ஜோர்டானின் அகபா துறைமுகத்துக்கு ஓர் எண்ணெய்க் குழாய் போடும் திட்டம் பேச்சில் இடம்பெற்றது. அதைக் கட்ட முன்வந்த கம்பெனி பெக்டெல். அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷூல்ட்ஸ், அமைச்சராவதற்கு முன் அந்த பெக்டெல் கம்பெனியின் தலைவராக இருந்தவர். அரசும் மூலதனமும் வேறு வேறா என்று வகுப்புகளில் கேட்கும் இளம் தோழர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் என்னிடம் இல்லை.

இரசாயன ஆயுதம் பற்றி? ஈராக் அதைப் பயன்படுத்துவது வாஷிங்டனுக்குத் தெரியும். வெளியுறவு அமைச்சர் தாரிக் அஜீஸிடம் ரம்ஸ்ஃபெல்டு அதை ஓரிரு சொற்களில் தொட்டார். சதாமுடனான சந்திப்பின் குறிப்பில் அந்தப் பேச்சே இல்லை. 1984 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்கா இரசாயன ஆயுதப் பயன்பாட்டைப் பகிரங்கமாகக் கண்டித்தது. அதே மாத இறுதியில் ரம்ஸ்ஃபெல்டு மீண்டும் பாக்தாத்தில் இருந்தார், உறவு பாதிக்கப்படாது என்ற செய்தியுடன். அந்த ஆண்டு நவம்பரில் முழுத் தூதரக உறவு மீட்கப்பட்டது. விவசாயப் பொருள் வாங்கக் கடன் உத்தரவாதம், ஈரானியப் படைகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் செயற்கைக்கோள் தகவல் எல்லாம் ஈராக்குக்குக் கிடைத்தன. ஈரானுக்கும் அதே வாஷிங்டன் 1985, 1986இல் இரகசியமாக ஆயுதம் விற்றது. ஒரு லெபனான் பத்திரிகை அதை அம்பலப்படுத்தியது. இரு தரப்பும் இளைத்துச் சாகட்டும் என்பதைத் தவிர இந்தக் கொள்கைக்கு வேறு பெயர் கிடையாது.

1987 மே மாதம் ஈராக் விமானம் ஏவிய ஏவுகணை ஸ்டார்க் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைத் தாக்கி 37 மாலுமிகள் இறந்தார்கள். தவறுதலாக நடந்தது என்றது ஈராக். அமெரிக்கா அதை ஏற்றுக்கொண்டு பழியை ஈரானின் பக்கம் திருப்பியது. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜாவில் நச்சுவாயுவால் ஏறத்தாழ 5,000 குர்து மக்கள் மாண்டார்கள். அதற்குப் பின்னும் கடன் நிற்கவில்லை. 1989 அக்டோபரில் மூத்த புஷ் கையெழுத்திட்ட ஓர் இரகசிய ஆணை, ஈராக்குடன் பொருளாதார, அரசியல் உறவை விரிவாக்க வேண்டும் என்றே சொல்லியது.

இந்தப் பின்னணியோடுதான் 1990 ஜூலை 25ஐப் பார்க்க வேண்டும்.

போர் முடிந்தபோது ஈராக் கடனில் மூழ்கியிருந்தது. குவைத்தும் ஐக்கிய அரபு அமீரகமும் ஒதுக்கீட்டுக்கு மேல் எண்ணெய் எடுத்து விலையைச் சரித்துவிட்டன, ருமைலா வயலிலிருந்து குவைத் எண்ணெயைத் திருடுகிறது என்பது பாக்தாத்தின் புகார். எல்லையில் படை குவிந்தது. அந்த நிலையில் அமெரிக்கத் தூதர் ஏப்ரல் கிளாஸ்பியை சதாம் திடீரென அழைத்தார். வாஷிங்டனிடம் கேட்டுவிட்டு வரக்கூட நேரம் தரவில்லை. அந்தச் சந்திப்பில் கிளாஸ்பி சொன்னது இதுதான்: குவைத்துடனான எல்லைத் தகராறு போன்ற அரபு நாடுகளின் உள்விவகாரங்களில் அமெரிக்காவுக்குக் கருத்து எதுவும் இல்லை. பிரச்சினை அமைதியாகத் தீர வேண்டும் என்றும் சொன்னார். படை எடுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவில்லை. ஜூலை 31 அன்று, குவைத்தைக் காக்கும் ஒப்பந்தம் எதுவும் தங்களுக்கு இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் ஓர் உயர் அதிகாரி கூறினார். ஆகஸ்ட் 2 அதிகாலையில் ஈராக் டாங்குகள் குவைத் நகருக்குள் இருந்தன.

செப்டம்பரில் ஈராக் அந்த உரையாடலின் எழுத்துப்படியை வெளியிட்டது. அமெரிக்கா மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. போர் முடிந்த பிறகு, 1991 மார்ச்சில், செனட் குழுவின் முன் வந்த கிளாஸ்பி, தாம் உறுதியாக எச்சரித்ததாகவும் ஈராக் அதை வெட்டிவிட்டதாகவும் சொன்னார். பின்னர் வெளிவந்த அவருடைய சொந்தத் தந்தியில் அந்த உறுதியைத் தேடினால் கிடைக்காது.

நம் மேடைகளில் இதை ஒரு பொறி என்று சொல்வது வழக்கம். சதாமைக் குவைத்துக்குள் வரவழைத்து அடித்தார்கள் என்பது அந்த வாதம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பேசினேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். பொறி என்றால் வேட்டைக்காரன் எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்தவன் என்றாகிறது, அகப்பட்டவன் அப்பாவி என்றாகிறது. இரண்டும் உண்மையில்லை. எட்டு ஆண்டுகளாக எதைச் செய்தாலும் மன்னிக்கப்பட்ட ஒருவர், இதையும் மன்னிப்பார்கள் என்று கணக்குப் போட்டார். ஹலப்ஜாவில் இறந்தவர்கள் ஏழைகள். குவைத்தில் இருந்தது எண்ணெய். அந்த வேறுபாட்டை கிளாஸ்பி சொல்லவில்லை, சதாமும் புரிந்துகொள்ளவில்லை.

அதன் பின் நடந்த பேரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எகிப்தின் ஏறத்தாழ 700 கோடி டாலர் இராணுவக் கடனை அமெரிக்கா தள்ளுபடி செய்தது, எகிப்துப் படை சவூதி அரேபியாவுக்குப் போனது. நவம்பர் 29 அன்று பாதுகாப்புச் சபையில் போருக்கு அனுமதி தரும் 678ஆம் தீர்மானம் வந்தபோது கியூபாவும் ஏமனும் எதிர்த்தன, சீனா வாக்களிக்கவில்லை. நீங்கள் போட்ட வாக்குகளிலேயே இதுதான் மிக அதிக விலை உள்ளது என்று ஏமன் தூதரிடம் அமெரிக்கத் தரப்பு அங்கேயே சொன்னது. ஏமனுக்கான அமெரிக்க உதவி வெட்டப்பட்டது. சவூதி அரேபியா ஏற்கெனவே விதிகளை மாற்றி, ஏறத்தாழ எட்டு லட்சம் ஏமன் தொழிலாளர்களை வெளியேறச் செய்திருந்தது. சபையில் தூதர் கை தூக்கினார், கூலி இழந்தது சாலை போடுபவரும் மூட்டை தூக்குபவரும். 1991 ஜனவரி 9 அன்று ஜெனீவாவில் ஜேம்ஸ் பேக்கரும் தாரிக் அஜீஸும் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். புஷ் எழுதிய கடிதத்தை அஜீஸ் படித்துவிட்டு மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். எட்டாம் நாள் குண்டு விழுந்தது.

இனி நம் பக்கம்.

குவைத்திலும் ஈராக்கிலும் அகப்பட்டிருந்த இந்தியர்கள் ஏறத்தாழ 1,70,000 பேர், கேரளத்தவர் அவர்களில் பெரும்பங்கு. ஒற்றப்பாலம், பட்டாம்பி, மண்ணார்க்காடு பகுதிகளில் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற குடும்பங்கள் எத்தனை என்று பாலக்காட்டுத் தோழர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து போனவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் கடன் வாங்கி ஒருவரை அனுப்பிய வீட்டில் எண்ணிக்கை ஆறுதல் தராது. குவைத் தினாரும் ஈராக் தினாரும் சமம் என்று பாக்தாத் அறிவித்த நாளில், ஆண்டுக்கணக்கில் சேர்த்த கூலி ஒரே உத்தரவில் கரைந்தது. பேருந்தில் ஈராக் முழுவதையும் கடந்து, ஜோர்டான் எல்லைப் பாலைவனத்தில் கூடாரத்தில் காத்திருந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் வந்தார்கள். வி.பி. சிங் அரசின் வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாமைத் தழுவிக்கொண்ட படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. கேலி செய்தவர்கள் பலர். அங்கே சிக்கியவர்களின் வீட்டார் கேலி செய்யவில்லை. தன் குடிமக்களுக்கு உணவு அனுப்பக்கூட ஐ.நா. தடைக் குழுவிடம் இந்தியா அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

எண்ணெய் விலை அக்டோபரில் பீப்பாய்க்கு 40 டாலரைத் தொட்டது. பெட்ரோலியப் பொருட்கள் மீது வளைகுடா கூடுதல் வரி வந்தது. நாம் வெளியிலிருந்து ஆதரித்த அரசுதான் அதைப் போட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் அந்த அரசு கவிழ்ந்து, ராஜீவ் காந்தியின் தயவில் சந்திரசேகர் பிரதமரானார். 1991 ஜனவரியில், பசிபிக் தளங்களிலிருந்து வளைகுடாவுக்குப் பறந்த அமெரிக்க இராணுவ விமானங்கள் பம்பாயிலும் ஆக்ராவிலும் சென்னையிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. நாடாளுமன்றத்துக்குச் சொல்லவில்லை, மக்களுக்கும் சொல்லவில்லை. அணிசேராக் கொள்கையின் தாயகம் என்று நாம் பெருமை பேசிய நாட்டில், மீனம்பாக்கத்தில், இது நடந்தது. செய்தி வெளியே வந்ததும் எதிர்ப்பு வலுத்தது, காங்கிரசும் எதிர்க்க வேண்டியதாயிற்று, பிப்ரவரியில் நிறுத்தினார்கள். அதே ஜனவரியில்தான் சர்வதேச நிதியம் இந்தியாவுக்கு ஏறத்தாழ 180 கோடி டாலர் கடன் தந்தது. இரண்டையும் இணைக்கும் கடிதம் எதையும் நான் காட்ட முடியாது. ஆனால் கஜானா காலியாக இருக்கும் அரசிடம் ஒரு வல்லரசு உதவி கேட்டால் அதற்கு என்ன பெயர் என்பது, கந்துவட்டிக்காரன் வீட்டுத் திண்ணையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஜூலையில் 47 டன் தங்கம் வெளிநாட்டு வங்கிகளுக்கு அடகு போனது. புதிய பொருளாதாரக் கொள்கை அந்த அடகுச் சீட்டோடு வந்தது.

இங்கே என் தட்டிக்குத் திரும்ப வேண்டும். அந்தப் படத்தை ஏன் பிடித்தோம்? கேரளத்தில் அது வாக்கு சேர்த்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த மாவட்டக் கவுன்சில் தேர்தலில் இடது ஜனநாயக முன்னணி பெருவெற்றி பெற்றது. போர் எதிர்ப்பு உணர்வு அதற்கு உதவியது. போரை எதிர்த்தது சரி. அந்த உணர்வுக்கு ஒரு முகம் வேண்டுமென்று சதாமின் முகத்தை எடுத்துக்கொண்டது தவறு. மலப்புறத்தில் ஒரு கடற்கரைக்கே அவர் பெயர் வைத்தார்கள். சில மாதங்களில் வந்த சட்டமன்றத் தேர்தலில் ராஜீவ் படுகொலையின் அலையில் நாம் தோற்றோம். படம் கொடுத்த வாக்கு படத்தோடு போயிற்று.

ஈராக் மக்கள் அந்த மார்ச் மாதத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? சதாமுக்கு எதிராக எழுந்தார்கள். தெற்கே பஸ்ராவிலும் வடக்கே குர்துப் பகுதியிலும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விடுபட்டன. எழுங்கள் என்று அழைத்தவர் புஷ். ஆனால் சஃப்வானில் நடந்த போர்நிறுத்தப் பேச்சில், ஹெலிகாப்டர் பறக்க விட வேண்டும் என்று ஈராக் தளபதிகள் கேட்டபோது அமெரிக்கத் தளபதி ஒப்புக்கொண்டார். அந்த ஹெலிகாப்டர்களிலிருந்துதான் எழுச்சி சுட்டு வீழ்த்தப்பட்டது. ஆறு வாரம் குண்டு வீசிய வல்லரசும் குண்டு வாங்கிய அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மக்கள் எழுச்சியை விட சதாமே மேல் என்ற முடிவில் ஒத்துப்போயின. முதிய தோழரின் கேள்விக்கு இதைவிட முழுமையான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. நாம் இங்கே தட்டி பிடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அது நடந்தது.

பிறகு பன்னிரண்டு ஆண்டுப் பொருளாதாரத் தடை. மருந்துக்கும் பாலுக்கும் வழியில்லாமல் குழந்தைகள் மடிந்தார்கள். குவைத்தில் இழப்புக்குள்ளானவர்களுக்கு ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து பங்கு எடுத்துக் கொடுத்தது. மொத்தம் 5,240 கோடி டாலர், கடைசித் தவணை 2022இல் கட்டி முடிந்தது. நம் ஊர்த் தொழிலாளர்களுக்கும் அதில் பணம் வந்தது. அவர்களுக்கு அது நியாயமான பணம். ஆனால் அதைக் கட்டியவர்கள் குவைத்துக்குள் போக யாரும் அனுமதி கேட்காத ஈராக் மக்கள்.

இடுக்கித் தோழர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஈராக் தேநீர் குடிக்கும் நாடு. எண்ணெய்க்கு உணவு திட்டத்தின்கீழ் இந்தியத் தேயிலையை அது பெருமளவில் வாங்கியது. அதற்கு முன்பே பெரிய வாடிக்கையாளரான சோவியத் யூனியன் மறைந்திருந்தது. 2003 போரில் ஈராக் சந்தையும் குலைந்தது. பீருமேட்டில் தோட்டங்கள் பூட்டப்பட்டு, கூலி பாக்கியும் பணிக்கொடையும் கிடைக்காமல் லயங்களில் பட்டினி கிடந்த ஆண்டுகளும் அவைதான். தோட்ட முதலாளிகளின் சுரண்டலும் அலட்சியமும் முதல் காரணம், அதில் எனக்கு ஐயமில்லை. போரும் தடையும் அதோடு சேர்ந்துகொண்டன.

அந்த 2003இல் நடந்ததில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஈராக்கில் காவல் காக்க இந்தியப் படையை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டது. வாஜ்பாய் அரசுக்குள்ளேயே அனுப்பலாம் என்றவர்கள் இருந்தார்கள். ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தில் இந்தியில் ஒரு கடுமையான சொல்லையும் ஆங்கிலத்தில் சற்று மெல்லிய சொல்லையும் போட்டு இரு பக்கமும் நல்லவராக இருக்க முயன்றார்கள். நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் ஜூலை 14 அன்று, ஐ.நா. ஆணையில்லாமல் அனுப்ப இயலாது என்று முடிவு செய்தார்கள். ஈராக்கில் மன்னராட்சி வீழ்ந்த அதே தேதி. தற்செயல்தான், ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள உதவும். 1991இல் எரிபொருளை நிறுத்தினோம், 2003இல் படையைத் தடுத்தோம். இரண்டு முறையும் வென்றது விவரத்தோடு செய்த பிரச்சாரம். யாருடைய படமும் அதற்குத் தேவைப்படவில்லை.

2006 டிசம்பர் 30 அன்று சதாம் தூக்கிலிடப்பட்டார். துஜைல் என்ற ஊரில் 1982இல் 148 பேரைக் கொன்ற வழக்கில் தீர்ப்பு. குர்து மக்களை அழித்த அன்ஃபால் வழக்கு அப்போது பாதியில் இருந்தது. அது முடியும் வரை அவரை உயிரோடு வைத்திருக்கவில்லை. அதனால் 1983 டிசம்பரில் தம் கையைக் குலுக்க வந்தவர் யார், அவர் எதைக் கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார் என்பதைக் கூண்டில் நின்று சொல்லும் வாய்ப்பு அவருக்கு வரவேயில்லை. கை குலுக்கிய ரம்ஸ்ஃபெல்டு, அந்தத் தூக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்புதான், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பதவியிலிருந்து மரியாதை அணிவகுப்போடு விடைபெற்றிருந்தார்.

ஏமன் பற்றிச் சித்தூர்த் தோழர் எழுதிக் கொடுத்த கேள்வி என்னிடம் இருக்கிறது. தேநீர் வந்துவிட்டது. இடைவேளைக்குப் பின் அதிலிருந்து தொடங்குவோம்.